பூண்டு வாசம் வந்த பக்கம்

நான் மாத்திரை திருடவில்லை. எழுபதுகளின் நடுவில், தூத்துக்குடியில் நான் வேலை பார்த்த கிட்டங்கியில், அதாவது ஏற்றுமதிச் சரக்கு வைக்கிற கிடங்கில், என்னைத் திருடன் என்றார்கள். அதனால் இதை முதலில் சொல்லிவிட்டு மேலே போகிறேன்.

மாத்திரை என்றால் காய்ச்சலுக்குப் போடுவது அல்ல. கொழும்புக்குப் போகும் மல்லி மூட்டைகளில் வண்டு சாக வைக்கிற மருந்து. அலுமினியக் குப்பியில் அடைத்து வரும். குப்பியைத் திறந்து வெளியே எடுத்தால் காற்றிலுள்ள ஈரம் பட்டு மெல்ல மெல்ல வாயுவாக மாறும். வாயு கண்ணுக்குத் தெரியாது. பூண்டை நசுக்கியது போல ஒரு வாசம் மட்டும் வரும். கடைசியில் மாத்திரை இருந்த இடத்தில் சாம்பல் நிறத்தில் கொஞ்சம் தூள் மிஞ்சும். அந்த வாயு மூட்டைக்குள் புகுந்து வண்டு, புழு, முட்டை எல்லாவற்றையும் கொல்லும். மனிதனையும் கொல்லும். அதைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசமாட்டார்கள்.

வேலை இதுதான். தரையில் மரச்சட்டங்களைப் பரப்பி அதன்மேல் மூட்டைகளை வரிசை வரிசையாக அடுக்கி அட்டி போடுவோம். சட்டங்களுக்கு இடையில் தகரத் தட்டுகளில் மாத்திரைகளை வைத்து உள்ளே தள்ளுவோம். அட்டி முழுவதையும் மூடிக் கனத்த பாலித்தீன் படுதாவைப் போட்டு ஓரத்தில் பாரம் வைத்துவிட்டு விலகிவிடுவோம். சில நாள் கழித்துத் திறந்தால் வண்டெல்லாம் செத்துக் கிடக்கும். அரசாங்கத்துப் பூச்சி ஆபீசர் வந்து பார்த்துச் சரி என்று சொன்ன பிறகுதான் மூட்டை தோணியில் ஏறும்.

எங்கள் மருந்து கோஷ்டிக்கு நான் மேஸ்திரி. படுதா போடுகிற வேலை என் மனைவியின் தம்பியுடையது. தோணியில் கலாசியாக இருந்தவன். பாய் இழுக்கும்போது கயிறு சுற்றி வலது கை விரல்கள் நசுங்கியதால் கரைக்கு வந்துவிட்டான். நான்தான் அவனைக் கிட்டங்கியில் சேர்த்துவிட்டேன். மூன்று விரலால் அவன் போடும் முடிச்சை நான் பத்து விரலாலும் அவிழ்க்க முடியாது.

அந்த வருஷம் கிட்டங்கிக்குள் மிளகாய் வத்தல் மூட்டை கூரை முட்ட அடைந்து கிடந்தது. மல்லிக்கு இடமில்லை. வெளியே முற்றத்தில், தூண் உண்டு, கூரை உண்டு, சுவர் கிடையாது என்று ஒரு கொட்டகை இருந்தது. மேனேஜர் மல்லியை அங்கே அட்டி போடச் சொன்னார். கச்சான் அடிக்கிற மாதம். மேற்கேயிருந்து தேரிக்காட்டுச் செம்மண் புழுதியை அள்ளிக்கொண்டு வரும் காற்று. வேட்டியைப் பிடித்துக்கொண்டுதான் நடக்க வேண்டும். வெட்டவெளியில் மருந்து வைப்பது சரியில்லை என்று சொன்னேன். "படுதா எதுக்குவே இருக்கு?" என்றார் மேனேஜர். வைத்தோம்.

சில நாள் கழித்துப் படுதாவைத் திறந்தோம். ஆபீசர் வந்தார். கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர். விவசாயப் படிப்பு படித்தவர். காற்றில் பறக்கும் தலைமுடியை ஒரு கையால் அமுக்கிக்கொண்டே இன்னொரு கையால் கூரான குழாயை மூட்டையில் குத்தி, வந்த மல்லியை உள்ளங்கையில் கொட்டிப் பார்த்தார். மேல் வரிசை செத்த வண்டு. நடு வரிசை செத்த வண்டு. மேற்குப் பக்கம் அடி வரிசையில் குத்தினார். உள்ளங்கையில் வண்டு ஓடியது. அடுத்த மூட்டையிலும் ஓடியது.

மேனேஜர் குனிந்து மேற்குப் பக்கத் தகரத் தட்டை இழுத்தார். தட்டு துடைத்த மாதிரி சுத்தமாக இருந்தது.

"பாத்தியளா சார்? தூள்கூட இல்ல. இந்தப் பக்கம் இவன் மாத்திரையே வைக்கல. வெளிய கிராக்கி உள்ள சாமான். கொண்டு போயி வித்துருக்கான்."

"நான் என் கையால வச்சேன்" என்றேன்.

"வச்சா சாம்பல் எங்கன? வண்டு தின்னுட்டோ?"

சுமை தூக்குகிறவர்கள் சிரித்தார்கள். எனக்கு அவர் சட்டையைப் பிடிக்கத்தான் கை போயிற்று. என் மச்சினன் நடுவில் வந்து நின்றுகொண்டான். அதே அட்டிக்குத் திரும்ப மருந்து வைக்க வேண்டும், இந்தத் தடவையும் வண்டு ஓடினால் நானும் மச்சினனும் வாசல் மிதிக்கக் கூடாது, விஷயம் போலீசுக்குப் போகும் என்று மேனேஜர் சொன்னார். வேலை போனால் வேறு வேலை பார்க்கலாம். மருந்துத் திருடன் என்று பெயர் வாங்கினவனை அந்தத் துறைமுகத்தில் எந்தக் கிட்டங்கியில் உள்ளே விடுவார்கள்?

கோபத்தோடு கோபமாக எனக்கு இன்னொன்றும் குடைந்துகொண்டிருந்தது. மாத்திரையை நான் வைத்தது எனக்குத் தெரியும். அப்படியென்றால் அந்த வண்டு ஏன் சாகவில்லை? திருடன் பட்டத்தைக்கூட ஒரு நிமிஷம் மறந்துவிட்டு அதையே யோசித்தேன். மருந்து பழசாகியிருக்கலாம். வண்டு மருந்துக்குப் பழகியிருக்கலாம். ஆபீசரிடம் இரண்டையும் சொன்னேன். அவர் என்னைத் திருடன் என்று சொல்லவும் இல்லை, இல்லை என்று சொல்லவும் இல்லை.

"ஒரு ஜாடி இருக்குங்களா? இறுக்கமா மூடுற மாதிரி?" என்று கேட்டார்.

ஊறுகாய் ஜாடி ஒன்றைக் கழுவிக் காயவைத்துக் கொண்டுவந்தேன். மேற்கு மூட்டையில் ஓடின வண்டுகளைக் கொஞ்சம் மல்லியோடு அதில் போட்டார். அதே குப்பியில் மிச்சமிருந்த மாத்திரையில் ஒரு துணுக்கை உள்ளே வைத்து மூடி, மெழுகை உருக்கி வாயைச் சுற்றி ஊற்றினார். ஆள் இல்லாத மூலையில் வைத்துவிட்டுப் போனார். திரும்பி வந்து பார்த்தபோது ஜாடியில் ஒரு வண்டும் அசையவில்லை.

"மருந்தும் நல்ல மருந்து. வண்டும் சாகுற வண்டுதான்" என்றார். "ஜாடிக்குள்ள சாகுது, அட்டிக்குள்ள சாகலை. மருந்து போதுமான நேரம் அங்க நிக்கலைங்க. எங்கயோ போயிருக்கு."

"எங்க போச்சு?"

"அதுதான் எனக்கும் தெரியலை. மேற்க இருந்து காத்து அடிக்குதுன்னா கிழக்கப் பக்கமாத்தான் வெளிய தள்ளணும். வண்டு கிழக்கதான் உசிரோட இருக்கணும். இங்க மேற்க இருக்கு."

எங்கள் இரண்டு பேருக்கும் அதுதான் புரியவில்லை. அவர் ஊரில் பருத்திக்கு மருந்து தெளிக்கும்போது காற்று அடித்தால் பக்கத்து வயலுக்குப் போய்விடும் என்றார். அது திறந்த வெளி. இது மூடி வைத்தது. மூடி வைத்ததற்குள் காற்று என்ன செய்யும்?

அப்போதுதான் எனக்கு மல்லி புடைக்கிற பெண்களின் ஞாபகம் வந்தது. கச்சானில் வெளியே உட்கார்ந்து சுளகைத் தட்டினால் மல்லியும் சேர்ந்து பறக்கும். அதனால் அவர்கள் அட்டிக்குக் கிழக்கே, காற்று மறைவில் உட்கார்ந்து புடைப்பார்கள். மருந்து வைத்த அட்டிக்குப் பக்கத்தில் ஆள் உட்காரக் கூடாது என்று நான் சொன்னபோது, அவர்கள் வேலை நின்றுவிடும் என்று மேனேஜர் அங்கேயே உட்கார வைத்தார். மருந்து வைத்த மறுநாள் அவர்களில் மூத்தவள் என்னைப் பார்த்துச் சத்தமாகக் கேட்டாள்.

"என்ன அண்ணாச்சி, படுதாவுக்குள்ள பூண்டுக் கொழம்பா வைக்கிய? வாசம் மட்டும் வருது, எங்களுக்கு ஒரு கரண்டி ஊத்துனா என்ன?"

எல்லாரும் சிரித்தார்கள். அன்று மத்தியானமே ஒரு சின்னப் பெண் வாந்தி எடுத்தாள். இன்னும் சிலருக்குத் தலைவலி. மேனேஜர் வந்து, "காலையில ஒழுங்காத் தின்னுட்டு வாங்க. இல்லன்னா பேசாம பொடைங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். மருந்து காணாமல் போனதற்கு என்னைப் போலீசில் பிடித்துக் கொடுக்கப் பார்த்த ஆள், அந்த மருந்து ஒரு பெண்ணின் மூக்குக்குள் போனதைக் கண்டுகொள்ளவில்லை. இதை நினைத்தால் இன்றைக்கும் பல்லைக் கடிக்கிறேன்.

மூத்தவளிடம் போய்க் கேட்டேன். "ஏளா, அந்தப் பூண்டு வாசம் நாள் முழுக்க வந்துச்சா?"

"முழுக்க இல்ல அண்ணாச்சி. விட்டு விட்டு வரும். சோறு கொதிக்கையில மூடி தூக்கித் தூக்கி விழுமில்லா, அது மாதிதான். படுதா உப்பும், அமுங்கும். அமுங்கையில மூஞ்சில வந்து அடிக்கும்."

"எந்த இடத்துல இருந்து?"

சுளகாலேயே காட்டினாள். கிழக்குப் பக்கம், தெற்கு மூலை.

அந்த மூலையில் படுதாவை என் மச்சினன் கட்டவில்லை. மற்ற எல்லா இடத்திலும் பாரம் வைத்து, தூணோடு சேர்த்து முறுக்கிக் கட்டியிருந்தான். அந்த மூலையை மட்டும் பாவாடை மாதிரி தொங்கவிட்டிருந்தான்.

"ஏலே, போன தடவ அந்த மூலைய ஏன் கட்டல?"

"கட்டக் கூடாது அத்தான்."

"யாரு சொன்னா?"

"யாரு சொல்லணும்? தோணியில சரக்கு மேல படங்கு போட்டா, காத்து வார பக்கம் இறுக்கணும், காத்து போற பக்கம் ஒரு மூலைய விடணும். உள்ள பூந்த காத்து வெளிய போகணும்லா? சுத்திவரக் கட்டுனா வயிறு உப்பி வெடிச்சிரும். தண்டல் நம்மளத் தூக்கிக் கடல்ல போட்டுருவான்."

படங்கு என்பது கடற்கரையில் படுதாவுக்குச் சொல்கிற பேர். தண்டல் என்றால் தோணியை ஓட்டுகிற தலைவன். தோணியில் மழையும் அலையும் உள்ளே வராமல் இருந்தால் போதும். உள்ளே இருக்கிற ஒன்று வெளியே போகக் கூடாது என்கிற கவலை அங்கே கிடையாது. அதே பழக்கத்தில் இங்கேயும் கட்டியிருக்கிறான். தோணியே ஏறாத ஒருவனிடம் இந்த வேலையைக் கொடுத்திருந்தால் நாலு மூலையையும் கட்டியிருப்பான்.

"அறிவுகெட்டவனே, மருந்து வெளிய போக வழி வச்சிட்டு என்னையத் திருடன் ஆக்கிட்டியே" என்று கத்தினேன்.

"வழி வச்சது காத்துக்கு. மருந்து அதுகூடப் போனா நான் என்ன செய்ய?" என்றான். பிறகு, "சரி, நீங்களே கட்டிப் பாருங்க. கிழியலன்னா எம் மீசைய எடுத்துருதேன்" என்றான்.

மறுநாள் ஆபீசரையும் கூப்பிட்டேன். மல்லி அட்டியைத் தொடவில்லை. கொட்டகையின் இன்னொரு முனையில், காலியான தேயிலைப் பெட்டிகளை அட்டி அளவுக்கு அடுக்கினோம். மாத்திரைக்குப் பதிலாக மண்சட்டியில் கங்கு போட்டுச் சாம்பிராணித் தூளைத் தூவி உள்ளே வைத்தேன். வாயு கண்ணுக்குத் தெரியாது, புகை தெரியுமே என்பதுதான் என் கணக்கு. முதலில் மச்சினன் பழையபடி ஒரு மூலையை விட்டுக் கட்டினான்.

அந்த மூலையில் புகை நேராக ஒழுகும் என்று எதிர்பார்த்தேன். அப்படி இல்லை. காற்று வேகம் கூடினால் படுதா உப்பியது. குறைந்தால் அமுங்கியது. அமுங்கும்போது மூலை வழியாகப் பொசுக்கென்று ஒரு வாய் புகை வெளியே வந்தது. திரும்ப உப்பும்போது மேற்குப் பக்கம் பாரத்துக்கு அடியில், தரை குண்டும் குழியுமாக இருந்த சந்துகளில், வெளிக்காற்று உஸ்ஸென்று உள்ளே இழுத்துக்கொண்டு போயிற்று. ஆபீசர் தரையில் முழங்கால் போட்டு, ஒரு நூலைப் பிடித்து அந்தச் சந்தில் காட்டினார். நூல் உள்ளே வளைந்தது. என்னையும் கூப்பிட்டுக் காட்டினார். இருவரும் தரையில் கிடந்தோம். பார்த்தவர்கள் எதையோ தொலைத்துவிட்டுத் தேடுகிறோம் என்று நினைத்திருப்பார்கள்.

"மூச்சு விடுதுங்க இது" என்றார் ஆபீசர். "மேற்க இழுக்குது, கிழக்க விடுது. மேற்கு அடி வரிசைக்கு எப்பவும் புதுக் காத்துதான். கிழக்க போறது மருந்து கலந்த காத்து, அதனால அங்க வண்டு செத்திருக்கு."

தட்டில் தூள் இல்லாததற்கும் அதே காரணம்தான். சட்டங்களுக்கு அடியில் சதா காற்று ஓடினால் தூள் எப்படித் தங்கும்? மல்லி அட்டியின் நடுவில் சட்டங்களுக்கிடையே கையை விட்டுத் துழாவினேன். விரலில் சாம்பல் நிறத் தூள் அப்பிக்கொண்டு வந்தது. மேற்குத் தட்டின் தூள் அங்கே போய்ப் படிந்திருந்தது. அந்தக் கையை ஆபீசரிடம் நீட்டினேன். "நீங்க வச்சிருக்கீங்க" என்றார். அந்த வாரம் முழுக்க எனக்கு யாரும் சொல்லாத வார்த்தை.

அடுத்து நாலு மூலையையும் நானே கட்டினேன். பாரத்தை இரட்டிப்பாக்கினேன். மச்சினன் தூணில் சாய்ந்து கைகட்டிக்கொண்டு நின்றான். கொஞ்ச நேரம் படுதா கும்மென்று உப்பி நின்றது. புகை வெளியே வரவில்லை. ஜெயித்துவிட்டேன் என்று அவனைப் பார்த்தேன். அந்த நேரம் பார்த்து ஒரு வீச்சு வந்தது. துப்பாக்கி வெடித்த மாதிரி சத்தம். படுதா மேலிருந்து கீழ்வரை கிழிந்து, சாம்பிராணிப் புகை கொட்டகை முழுவதும் பரவியது.

"என்ன அத்தான், எம் மீசைய எடுக்கணுமா?" என்றான்.

அவன் சொன்னதும் சரி. நான் சொன்னதும் சரி. காற்றுக்கு வழிவிட்டால் மருந்து போய்விடும். வழிவிடாவிட்டால் படுதா போய்விடும். அன்று முழுக்க மூன்று பேரும் இதையே பேசிக்கொண்டிருந்தோம். கடைசியில் மச்சினன்தான் எரிச்சலோடு, "காத்தோட மல்லுக்கட்ட இது துணியே இல்ல. இது வெறும் காயிதம். மல்லுக்கட்டுறதுக்குப் பாய்தான் வேணும்" என்றான்.

"அப்ப பாயக் கட்டுலே" என்றேன். சும்மா கோபத்தில்தான் சொன்னேன். சொன்ன பிறகு இருவரும் ஒருவரையொருவர் பார்த்தோம்.

பழைய தோணிப் பாய் ஒன்றை அவனே எங்கிருந்தோ கேட்டு வாங்கிக்கொண்டு வந்தான். உப்பேறி, விறைத்து, தார் நாற்றம் அடித்தது. கிழிந்த படுதாவைத் தைத்துத் திரும்பப் பெட்டி அட்டிமேல் போட்டோம். அதை விட்டு நாலைந்து எட்டு வைக்கிற தூரம் தள்ளி, மேற்குப் பக்கத் தூண்களுக்கு இடையில் அதைக் கட்டினான். அடியில் அவன் வழக்கப்படி ஒரு மூலையை விட்டான். நானே கயிற்றைப் பிடித்துக் கொடுத்தேன். கச்சான் வந்து பாயில் மோதியது. பாய் உறுமியது, ஆனால் தாங்கியது. அதன் பின்னால் பாலித்தீன் படுதா லேசாகச் சிலிர்த்ததோடு சரி. உப்பவில்லை. அதோடு வாங்கிவந்த கிழிந்த பாய்த் துண்டுகளை நீளப் பைகளாகத் தைத்து, ஈர மணலைத் திணித்து, படுதாவின் நாலு ஓரத்திலும் இடைவெளி இல்லாமல் மலைப்பாம்பு மாதிரி கிடத்தினோம். பெட்டி அட்டியில் புகை போட்டுப் பார்த்தபோது ஓரங்களில் ஒரு நூல் புகைகூட வரவில்லை. பிறகு மல்லி அட்டிக்கு வேறு படுதா போட்டு, பாயையும் மணல் பைகளையும் அங்கே மாற்றி, ஆபீசர் பார்க்க நான் மாத்திரைகளை வைத்தேன்.

புடைக்கிற பெண்களை இந்தத் தடவை நானே வத்தல் கிட்டங்கியின் வராந்தாவுக்கு மாற்றிவிட்டேன். மேனேஜரிடம் கேட்கவில்லை. மறுநாள் மூத்தவள் தண்ணீர் குடிக்கப் போகிற வழியில் எட்ட நின்று மூக்கை உறிஞ்சினாள்.

"இன்னைக்கு அடுப்பு பத்த வைக்கலியா அண்ணாச்சி? கொழம்பு வாசத்தையே காணும்."

எனக்கு உயிர் வந்தது. வண்டு சாவது அப்புறம். வாசம் வெளியே வரவில்லை என்றால் மருந்து உள்ளேதான் இருக்கிறது.

படுதாவைத் திறந்து காற்றாட விட்ட பிறகு, ஆபீசரும் மேனேஜரும் வந்தார்கள். ஆபீசர் நேராக மேற்குப் பக்கம் அடி வரிசைக்குப் போய்க் குத்தினார். செத்த வண்டு. பக்கத்து மூட்டை. செத்த வண்டு. தட்டை இழுத்தார். சாம்பல் தூள் வைத்த இடத்தில் வைத்தபடி இருந்தது. சரக்கை ஏற்றலாம் என்று சொல்லிவிட்டார்.

மேனேஜர் என் பக்கம் திரும்பினார். "பாத்தியா? போலீசுன்னு சொன்ன ஒடனே இந்தத் தடவ ஒழுங்கா வச்சிருக்க."

வண்டு உயிரோடு இருந்தால் திருடன். செத்தால், போன தடவை திருடன். ஆபீசர், "சார், அவரு போன தடவையும் வச்சிருந்தாரு. காத்துதான்..." என்று ஆரம்பித்தார். "காத்து மேல பழி போடுறதுக்கு என்ன சார், அது வந்து சாட்சி சொல்லவா போவுது?" என்று மேனேஜர் சிரித்தார்.

"சொல்லும்" என்றேன். "நீங்க வந்து நில்லுங்க."

பெட்டி அட்டி இன்னும் அங்கேயே இருந்தது. தைத்துப் போட்ட படுதாவும் அதன் மேலேயே கிடந்தது. சட்டியில் கங்கு போட்டேன். சாம்பிராணியோடு இந்தத் தடவை ஒரு பிடி வத்தல் காம்பையும் சேர்த்தேன். பாயும் மணல் பைகளும் மல்லி அட்டிக்குப் போயிருந்ததால் ஓரத்தில் பழைய பாரத்தையே வைத்து, மச்சினன் படுதாவின் அந்த ஒரு மூலையைப் பழையபடி தளர்த்தினான். மேனேஜரை நான் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய், கிழக்குப் பக்கம், தெற்கு மூலையில், மல்லி அட்டியில் பெண்கள் உட்கார்ந்து புடைத்த அதே பக்கமாக நிறுத்தினேன்.

"இங்கனதான் நிக்கணும். நகரக் கூடாது."

"என்னவே இது வெளாட்டு?" என்றார்.

கச்சான் வீசியது. படுதா உப்பியது. அமுங்கியது. வத்தல் நெடியோடு ஒரு வாய் புகை அவர் முகத்தில் அடித்தது. தும்மினார். திரும்ப உப்பி, திரும்ப அமுங்கியது. இன்னொரு வாய். இருமினார். கண்ணில் தண்ணீர் கொட்டியது. விலகப் பார்த்தவரின் பின்னால் புடைக்கிற பெண்கள் வந்து கூடியிருந்தார்கள்.

"காலையில ஒழுங்காச் சாப்பிட்டியளா மேனேஜர் சார்?" என்று கேட்டாள் மூத்தவள்.

நான் அவரை மேற்குப் பக்கம் கூட்டிக்கொண்டு போய், சந்தில் நூலைப் பிடித்துக் காட்டினேன். நூல் உள்ளே வளைந்தது. துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டே பார்த்தார். இன்னொரு தடவை காட்டச் சொன்னார். அவரே நூலை வாங்கிப் பிடித்துப் பார்த்தார். அந்த ஒரு நிமிஷம் அவர் முகத்திலும், நானும் ஆபீசரும் தரையில் கிடந்தபோது எங்களுக்கு இருந்த அதே பார்வை இருந்தது. அதை நான் மறைக்க விரும்பவில்லை.

என்னைத் திருடன் என்று சொன்னது தப்பு என்று அவர் சொல்லவில்லை. கடைசிவரை சொல்லவில்லை. நூலைக் கீழே போட்டுவிட்டு எழுந்து, பெண்கள் பக்கம் திரும்பி, "இனிமே மருந்து வச்சா யாரும் இந்தப் பக்கம் உக்காரக் கூடாது" என்று கத்தினார். ஏதோ அவர்கள் ஆசைப்பட்டு வந்து உட்கார்ந்த மாதிரி. அப்புறம் என் மச்சினனைப் பார்த்து, "ஏலே, அந்தப் பாய எடுத்துட்டுப் போயிராத. இங்கனயே கெடக்கட்டும்" என்றார்.

அவரிடமிருந்து எனக்குக் கிடைத்தது அவ்வளவுதான். மூட்டைகள் தோணி ஏறின. என்னை வாசலில் யாரும் நிறுத்தவில்லை. பாய் அந்தக் கொட்டகையிலேயே கிடந்தது.